வாசலைப் பூட்டுறது யார்? ‘கில் ல கில்’ அனிமேயும் ஜப்பானிய மாணவர் மன்றங்களின் கதையும்

போன செமஸ்டர் பரீட்சை முடிஞ்ச அன்றிரவு, அறையில நாலு பேர் சேர்ந்து ‘கில் ல கில்’ பார்க்கத் தொடங்கினம். முதலாவது அத்தியாயத்தில் ஒரு வகுப்பறை. ஹிட்லர் ஜேர்மனியில் ஆட்சியைப் பிடித்த கதையை வரலாற்று ஆசிரியர் படிப்பித்துக்கொண்டு நிற்கிறார். திடீரென்று மலை மாதிரி ஒருத்தன் வகுப்புக்குள் நுழைகிறான். அவன் ஆசிரியரும் இல்லை, அதிபரும் இல்லை, பொலிஸும் இல்லை. மாணவர் மன்றத்தின் ஒழுக்காற்றுக் குழுத் தலைவன். அதாவது, இன்னொரு மாணவன். சீருடை ஒன்றைத் திருடிய பையனைத் தேடி வந்திருக்கிறான். அடுத்த நாள் காலையில் அந்தப் பையனின் உடம்பு பாடசாலை வாசலில் தொங்குகிறது.

பக்கத்தில இருந்த நண்பன் கேட்டான்: “மச்சான், உண்மையாவே ஜப்பான்ல மாணவர் மன்றத்துக்கு இவ்வளவு பவர் இருக்கோ?”

இல்லை. ஜப்பானில் மாணவர் மன்றத்தின் வேலை பெரும்பாலும் கலாசார விழாவை ஒழுங்குபடுத்துவதும், கழகங்களின் செலவுக் கணக்கைப் பேசுவதும், கூட்டங்களில் ஒலிவாங்கி பிடிப்பதும்தான். அப்படியென்றால் அனிமேக்களில் மட்டும் ஏன் அது ஒரு அரசாங்கம் மாதிரி இருக்கிறது? 1997இல் வந்த ‘ரெவலூஷனரி கேர்ள் உத்தெனா’வில் மன்ற உறுப்பினர்கள் வாள் சண்டை பிடிக்கிறார்கள். ‘காகுயா-சாமா’வில் மன்ற அறையே அரண்மனை மாதிரி. இதை வெறும் கற்பனை என்று விட்டுவிடலாம். ஆனால் அதற்குப் பின்னால ஒரு வரலாறு இருக்கு. மாணவர்களுக்குக் கொடுக்கப்பட்டு, பிறகு பறிக்கப்பட்ட ஒன்றின் வரலாறு.

சீருடையும் வெற்றிகொள்ளலும்

முதல்ல அனிமேயைப் பற்றிக் கொஞ்சம். ‘கில் ல கில்’ 2013 ஒக்டோபரில் தொடங்கி 2014 மார்ச் வரை ஒளிபரப்பான 24 அத்தியாயத் தொடர். தயாரித்தது டிரிகர் ஸ்டூடியோ. இயக்குநர் ஹிரோயுகி இமாயிஷி, எழுதியவர் கசுகி நகாஷிமா. அப்பாவைக் கொன்றவரைத் தேடி, பாதிக் கத்தரிக்கோலோடு ரியூகோ மதோய் என்ற பிள்ளை ஹொன்னோஜி கல்லூரிக்கு வருகிறாள். அந்தக் கல்லூரியை ஆள்பவள் மாணவர் மன்றத் தலைவி சத்சுகி கிரியூயின். அவளுக்குக் கீழே நாலு தளபதிகள். சீருடையில் எத்தனை நட்சத்திரமோ அத்தனை அதிகாரம். நகரமும் அப்படியே: உச்சியில் கல்லூரி, அதற்குக் கீழே நட்சத்திரக்காரரின் மாளிகைகள், அடிவாரத்தில் நட்சத்திரம் இல்லாதவர்களின் சேரி.

நகைச்சுவையின் மூலமே ஒரு சிலேடை. ஜப்பானிய மொழியில் சீருடைக்கும் ‘செய்ஃபுகு’, வெற்றிகொண்டு அடக்குவதற்கும் ‘செய்ஃபுகு’. எழுத்து வேறு, ஒலி ஒன்று. ‘ஃபஷன்’ என்ற சொல்லும் ‘பாசிசம்’ என்பதற்கான ஜப்பானியச் சொல்லும் அதே மாதிரி ஒட்டி ஒலிக்கும். இந்தச் சிலேடை சும்மா வந்ததில்லை. ஜப்பானியப் பையன்களின் நிமிர்ந்த கழுத்துச் சட்டை, 1886இல் டோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகம் இராணுவ உடுப்பின் சாயலில் எடுத்துக்கொண்ட சீருடையின் வழி வந்தது. பெண்பிள்ளைகளின் ‘செய்லர்’ சட்டை 1920களில் கடற்படை உடுப்பிலிருந்து வந்தது. அனிமேயில் சீருடை ஆயுதமாக மாறுவதைப் பார்த்துச் சிரிக்கிறோம். உண்மையில் அது ஆயுதக்காரரின் உடுப்பாகத்தான் தொடங்கியது.

மேலிருந்து வந்த ஜனநாயகம்

யுத்தத்துக்கு முன்னரும் ஜப்பானியப் பாடசாலைகளில் மாணவர் சங்கங்கள் இருந்தன. 1941இல் அவை ‘நாட்டுக்குக் கடன் தீர்க்கும் படை’களாக மாற்றப்பட்டன. விளையாட்டுக் கழகம் முதல் எல்லாம் யுத்த வேலைக்கு. 1945 ஓகஸ்ட்டில் ஜப்பான் சரணடைந்ததும் அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகம் வந்தது. பேரரசருக்கு விசுவாசமாக இருக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த 1890ஆம் ஆண்டுக் கல்விப் பிரகடனம் 1948இல் கைவிடப்பட்டது. 1947இல் புதிய கல்விச் சட்டங்கள் வந்தன. அந்தக் காற்றோடு வந்ததுதான் இன்றைய மாணவர் மன்றம், ‘செய்தோகாய்’. பிள்ளைகள் வாக்குப் போட்டு, கூட்டம் நடத்தி, ஜனநாயகத்தைப் பழகவேண்டும் என்பது யோசனை.

நல்ல யோசனைதான். ஆனால் தொடக்கத்திலேயே ஒரு முடிச்சு இருந்தது. கல்வி அமைச்சு இதை மாணவர் ‘தன்னாட்சி’ என்று சொல்லவில்லை, ‘பங்கேற்பு’ என்றுதான் சொன்னது. அதிகாரம் அதிபருடையது, மன்றம் அதில் அவர் கொடுத்த பங்கைக் கையாளும். கொடுத்தவர் திரும்ப எடுக்கலாம். இந்த ஒரு வரியை மனதில வைச்சிருங்கோ, கடைசியில தேவைப்படும்.

கொடுத்ததுக்கு மேல கேட்டபோது

பல்கலைக்கழகங்களில் நிலைமை வேறு மாதிரிப் போனது. அங்கிருந்த மாணவர் சங்கங்கள் 1948 செப்டெம்பரில் ‘சென்காகுரென்’ என்ற பெயரில் நாடு முழுக்க ஒன்றுசேர்ந்தன. 1960இல் அமெரிக்காவுடனான பாதுகாப்பு ஒப்பந்தத்துக்கு எதிராக இலட்சக்கணக்கானோர் வீதிக்கு வந்தார்கள். ஜூன் 15 அன்று நாடாளுமன்ற வளாகத்தில் நடந்த மோதலில் மிச்சிகோ கன்பா என்ற டோக்கியோ பல்கலைக்கழக மாணவி இறந்தார். வயது 22. பிரதமர் கிஷி பதவி விலகினார், ஒப்பந்தம் மட்டும் நிலைத்துவிட்டது.

1968இல் இரண்டாவது அலை. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவர்களின் பயிற்சிக்காலப் பிரச்சினையிலும், நிஹோன் பல்கலைக்கழகத்தில் நிர்வாகத்தின் கணக்கில்லாத பணத்திலும் தொடங்கியது. பழைய சங்கங்களை நம்பாத மாணவர்கள் ‘சென்கியோதோ’ என்ற புது அமைப்புகளை உருவாக்கினார்கள். அதில் உறுப்புரிமை அட்டை கிடையாது. வந்து நிற்கிறவர் உறுப்பினர். 1969 ஜனவரி 18, 19ஆம் திகதிகளில் யசுதா மண்டபத்துக்குள் இருந்தவர்களை வெளியேற்ற 8,000க்கும் மேற்பட்ட பொலிஸார் வந்தார்கள். கண்ணீர்ப்புகை, தண்ணீர் பீச்சல், மேலிருந்து கல்லும் பெற்றோல் குண்டும். எல்லாம் தொலைக்காட்சியில் நேரடியாக. அந்த வருடம் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வே நடக்கவில்லை.

பலர் மறந்துபோன பகுதி இனித்தான் வருகுது. அதே 1969இல் போராட்டம் உயர்நிலைப் பாடசாலைகளுக்கும் இறங்கியது. பதினாறு, பதினேழு வயசுப் பிள்ளைகள் மேசை கதிரைகளை அடுக்கி வாசலை மறித்தார்கள். வியட்நாம் யுத்தம் ஒரு காரணம். ஆனால் அவர்கள் கேட்டவை இன்னும் கிட்டத்தில இருந்தன: சீருடை வேண்டாம், பரீட்சையை மட்டும் வைத்து எங்களை அளக்காதீர்கள், எங்களைப் பற்றிய விதிகளை எங்களோடு பேசி எழுதுங்கள். சில பாடசாலைகளில் சீருடை உண்மையிலேயே ஒழிந்தது. சசேபோ நகரில் தான் படித்த காலத்தை வைத்து ரியூ முரகாமி 1987இல் எழுதிய ‘69’ நாவல் இந்தக் கதைதான், பகிடியோட சொன்னது.

பதில் கெதியா வந்தது. 1969 ஒக்டோபர் 31ஆம் திகதி கல்வி அமைச்சு ஒரு சுற்றுநிருபம் அனுப்பியது. உயர்நிலைப் பாடசாலை மாணவரின் அரசியல் செயற்பாடு விரும்பத்தக்கதல்ல, பாடசாலைகள் அதைக் கட்டுப்படுத்தவேண்டும் என்பது அதன் சாரம். மன்றம் அழிக்கப்படவில்லை. அதற்குள் பேசக்கூடியவை குறைந்தன. மாணவர் பக்கமும் பிழை இல்லாமல் இல்லை. 1971-72 குளிர்காலத்தில் ஐக்கிய செம்படை என்ற தீவிரக் குழு மலை முகாம்களில் தன் சொந்தத் தோழர்கள் 12 பேரையே ‘சுயவிமர்சனம்’ என்ற பெயரில் கொன்றது. அதற்குப் பிறகு மாணவர் இயக்கம் என்றாலே சனம் முகத்தைத் திருப்பியது.

பூட்டிய வாசல்

நிஜத்தில் மன்றம் வெறுமையானபோது கதைகளில் அது ஊதிப் பெருத்தது. 1974இல் தொடங்கிய ‘ஒதோகோகுமி’ என்ற மாங்காவில் ஒரு மாணவன் தன் பாடசாலையைச் சர்வாதிகாரியாக ஆள்கிறான். அவனை எதிர்க்க வருகிறவன் கைவிலங்கோடு வருகிறான். வீதியில் முடிந்துபோன சண்டை மாங்காப் பக்கங்களில் தொடர்ந்தது என்றுதான் நான் இதை வாசிக்கிறேன். நாற்பது வருடத்துக்குப் பிறகு வந்த ‘கில் ல கில்’ அந்தப் பரம்பரையின் பேரப்பிள்ளை.

இதற்கிடையில் 1980களில் ஜப்பானியப் பாடசாலைகள் விதிகளால் நிறைந்தன. முடி நீளம், பாவாடை நீளம், காலுறை நிறம். ‘நிர்வாகக் கல்வி’ என்று அதற்குப் பெயர். 1990 ஜூலை 6ஆம் திகதி காலை, கோபே நகரின் பாடசாலை ஒன்றில், பிந்தி வருகிறவர்களைத் தடுக்க ஆசிரியர் ஒருவர் இரும்பு வாசலை இழுத்து மூடினார். ஓடி உள்ளே வந்த 15 வயதுப் பிள்ளை அதில் நசுங்கி இறந்துபோனாள்.

‘கில் ல கில்’லின் நான்காவது அத்தியாயத்தில் ‘பிந்தக்கூடாத நாள்’ என்று ஒன்று வரும். அன்றைக்குக் கல்லூரிக்குப் போகிற பாதை முழுக்கப் பொறிகள், குண்டுகள், குழிகள். மணி அடிக்க முதல் போகாவிட்டால் வெளியேற்றம். நாங்கள் விழுந்து விழுந்து சிரிச்ச அத்தியாயம் அது. கோபே சம்பவத்தை வாசிச்ச பிறகு திரும்பவும் அதைப் பார்த்தன். சிரிப்பு வந்தது, ஆனால் இடையில நின்றுட்டுது. எழுதியவர்கள் அந்தச் சம்பவத்தை நினைத்துத்தான் எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வாசலும் மணியும் அந்த நாட்டில் படித்த ஒருவருக்கு வெறும் பகிடியாக இருக்க முடியாது.

அதிகாரம் யாருடையது?

இனி அந்த முடிச்சுக்கு வருவம். (கதை தெரியாதவர்கள் இந்தப் பந்தியைத் தாண்டிப் போகலாம்.) சத்சுகியின் சர்வாதிகாரம் உண்மையில் அவளுடையது இல்லை. கல்லூரி அவளுடைய அம்மா ராகியோவுடையது. உலகம் முழுக்க உடுப்பு விற்கும் ஒரு கம்பனியின் முதலாளி அவர். நட்சத்திரச் சீருடையின் நூலும் அங்கிருந்துதான் வருகிறது. மாணவர் மன்றம் எவ்வளவு பெரிதாகத் தெரிந்தாலும் அது கொடுக்கப்பட்ட அதிகாரம். தொடரின் பிற்பகுதியில் சத்சுகி தாய்க்கு எதிராகத் திரும்பும்போதுதான், அவள் கட்டிய படை முழுக்க எதற்காக என்று விளங்குகிறது. ஆனால் அந்த நல்ல நோக்கத்துக்காக அவள் எத்தனை பேரை மிதித்தாள் என்ற கணக்கையும் கதை மறைக்கவில்லை.

குறையும் சொல்லவேணும். பள்ளிப் பிள்ளைகளின் உடம்பை இந்தத் தொடர் காட்டுகிற விதம் பல இடங்களில் எரிச்சல். ‘அதுவும் நையாண்டிதான்’ என்று சிலர் சொல்லுவினம். எனக்கு அது முழுசா ஒத்துவரவில்லை. எனக்குப் பிடித்தது ஏழாவது அத்தியாயம். சேரியில் ஒரே சட்டியைச் சுற்றி அடிபட்டுச் சாப்பிட்ட மாக்கோவின் குடும்பம், நட்சத்திரம் ஏற ஏற மாளிகைக்குப் போகிறது. ஒருவரோடொருவர் இருந்து சாப்பிடுவதை நிறுத்திவிடுகிறது. அதிகாரம் எப்படி உள்ளே வருகிறது என்பதை இருபது நிமிடத்தில் இதைவிட நல்லாச் சொல்லுறது கஷ்டம்.

ஜப்பானில் கதை இன்னும் முடியவில்லை. வாக்களிக்கும் வயது 18ஆகக் குறைக்கப்பட்டபோது, 1969ஆம் ஆண்டுச் சுற்றுநிருபம் 2015இல் நீக்கப்பட்டது. 46 வருடம் எடுத்தது. 2017இல் ஒசாக்காவில் ஒரு மாணவி, இயற்கையாகவே பழுப்பான தன் முடிக்குக் கறுப்புச் சாயம் அடிக்கச் சொல்லி வற்புறுத்தியதற்கு எதிராக வழக்குப் போட்டாள். 2022 டிசம்பரில் வந்த அமைச்சின் திருத்திய வழிகாட்டி, விதிகளை மாற்றும்போது மாணவரின் கருத்தைக் கேட்பது நல்லது என்கிறது. ‘நல்லது’ என்றுதான். ‘வேண்டும்’ என்று இல்லை.

நானும் உயர்தரம் படிக்கேக்க மாணவத் தலைவனா இருந்தனான். காலையில பட்ஜ் குத்திக்கொண்டு வாசலில் நின்று, பிந்தி வந்த சின்னப் பெடியளை மறிச்சு, பெயர் எழுதினனான். எழுதேக்க எனக்கு ஒரு சந்தோசம் இருந்தது எண்டதை இப்ப ஒத்துக்கொள்ளுறன். அந்தக் கொப்பி எனக்கு யார் தந்தது, அந்த விதியை யார் எழுதினது எண்டு ஒரு நாளும் யோசிக்கேல்லை. பஸ் பிந்தினதுக்கு அந்தப் பிள்ளை என்ன செய்யும் எண்டும் கேட்கேல்லை.

நண்பனின் கேள்விக்கு அன்றைக்கு “இல்லை மச்சான், சும்மா கற்பனை” எண்டுதான் சொன்னனான். இப்ப கேட்டால், முதல்ல வாசலைப் பூட்டுறது யார் எண்டு பார், பிறகு திறப்பு யாரிட்ட இருக்கெண்டு பார் எண்டு சொல்லுவன். ரெண்டும் ஒரே ஆள் இல்லை.