குக்கீயும் பத்திரிகைகளும்

இணையத்தில் எந்தப் பத்திரிகையைத் திறந்தாலும் 'குக்கீக்குச் சம்மதமா?' என்று ஒரு பெட்டி வந்து மறிக்கிறதல்லவா, அதன் கதை இது.

1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மான்டுலி குக்கீயை உருவாக்கினார். ஒரு தளத்துக்கு வந்தவரை மறுபடி அடையாளம் காணத்தான் அது. விளம்பரக்காரர்கள் அதையே ஒற்றன் வேலைக்கு வைத்துக்கொண்டார்கள்.

2018 மே 25 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் தனியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இரண்டு வருட அவகாசம் இருந்தும், லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸும் சிகாகோ ட்ரிப்யூனும் அன்று ஐரோப்பிய வாசகர்களுக்குக் கதவைச் சாத்தின! வியன்னாவின் டெர் ஸ்டாண்டர்ட், 'சம்மதியுங்கள், இல்லையேல் சந்தா கட்டுங்கள்' என்றது.

எனக்குப் பிடித்தது நெதர்லாந்துக் கதை. அங்கே பொது ஒளிபரப்புக்கு விளம்பரம் பிடித்துத் தரும் அமைப்பு ஸ்டெர். பார்வையாளர்களிடம் நேர்மையாகச் சம்மதம் கேட்டதில் பத்தில் ஒன்பது பேர் மறுத்துவிட்டார்கள். 2020 ஜனவரியில் ஸ்டெர் அந்தக் குக்கீகளையே கைவிட்டது. பார்ப்பவர் யார் என்று துருவாமல், நிகழ்ச்சி என்ன என்று பார்த்து விளம்பரம் போட்டார்கள். சமையல் குறிப்புப் பக்கத்தில் மசாலாப் பொடி விளம்பரம் போட்ட நம் வாரப் பத்திரிகைகளின் பழைய வழிதான்! அந்த ஜனவரி, பிப்ரவரியில் வருமானம் முந்தைய ஆண்டைவிடக் கூடியது. இடைத்தரகர்களுக்குப் போய்க்கொண்டிருந்த பங்கும் மிச்சமாயிற்று.