புடகம் என்னும் சொல்

இலங்கையின் வடபுலத்தில் விஞ்ஞானம் கற்று உயர்தரப் பரீட்சை எழுதியோருள் தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் வினாத்தாளை அறியாதார் அரியர். அம்மாணவர் நாவிற் பழகிய சுக்கிலப் புடகம் முதலிய தொடர்களில் நிற்கும் ‘புடகம்’, வடமொழிப் ‘புடம்’ என்பதன் வழிவந்தது; மடிப்பு, மூடிய குழிவு, இலையைக் கோலிச் செய்த தொன்னை ஆகிய பொருள்களைத் தன்னகத்தே கொண்டது. வைத்தியர் மருந்தை அகலிலிட்டு, மேலோர் அகலாற் கவித்து, சீலைமண் செய்து, எரு அடுக்கி எரிப்பதைப் புடமிடுதல் என்பதும், மூடியுள்ள சிறு செப்பைச் சம்புடம் என்பதும் இவ்வேரிற் கிளைத்தவையே.

இதற்கு ஆங்கிலர் வழங்கும் ‘வெசிக்கிள்’ என்னும் சொல்லோ நீர்ப்பையைக் குறிக்கும் இலத்தீனச் சொல்லின் சிறுமை வடிவிற் பிறந்தது. பையினும் தொன்னையே பொருத்தமானது என்பது என் துணிபு. உயிர்க்கலமானது தன் மென்சவ்வையே மடித்து, புரதத்தையும் ஆர்.என்.ஏ.யையும் உள்ளே பொதிந்து, அயற்கலத்துக்கு விடுக்கும் பொதியன்றோ கலப்புறப் புடகம்! உண்கலத்துக்கும் மரக்கலத்துக்கும் உரிய ‘கலம்’ என்பதையே இலங்கைத் தமிழ் உயிரின் அடிப்படை அலகுக்கும் பெயராக்கியது. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி முருகனுக்கு 65 ஆலிலைகளில் அமுது படைப்பதைக் கண்டவருக்கு, இலையும் கலமாதல் புதிதன்று. ஆயினும் 1967இல் ஆய்வாளர் பீற்றர் வூல்வ், குருதிச் சிறுதட்டுகள் உதிர்த்த இப்புடகத் துணிக்கைகளைத் ‘தூசு’ என்றே குறித்தார். தூசு எனப்பட்டது ஏந்துகலம் என உணரப்படப் பல்லாண்டுகள் சென்றன.

இப்புடகங்களுட் சிறியவை 30 முதல் 150 நனோமீற்றர் வரையின. பருமனால் ஒத்த கொழுப்புப் புரதத் துணிக்கைகள் குருதியிற் கூடவே வந்து மயக்குதலின், மின்னேற்ற வேறுபாட்டைத் துணைக்கொண்டு பிரிக்க முயல்வர். அதற்குரிய கருவி மயிர்த்துளைக் குழாய். தமிழகத்தார் ‘நுண்புழை’ என்பர், அழகிய சொல்லே. ஆயினும் 1981இல் இம்முறைக்கு ஆய்வாளர் ஜோர்கென்சனும் லூக்காக்சும் கையாண்ட கண்ணாடிக் குழாயின் உள்விட்டம் 75 மைக்கிரோமீற்றர், மெய்யாகவே ஒரு தலைமயிரின் பருமன். உவமையாகப் பிறந்த நம் சொல் அங்கே அளவாகவே நின்றது. துளை அத்துணை நுண்ணிதாதலாலன்றோ, 30,000 உவோற்று வரை கொடுத்தும் பிறந்த வெப்பம் சுவர்வழியே விரைந்து வெளியேறியது.

இப்பிரிப்பு முறைக்கு வழங்கும் ‘மின்முனைக் கவர்ச்சி’ என்ற பெயரே எனக்கு உடன்பாடன்று. புடகத்தின் மேற்பரப்பு மறையேற்றம் உடையது. கவர்ச்சியொன்றே உண்மையாயின் அது அனோட்டை அடைதல் வேண்டும். ஆனால் குழாயின் சிலிக்காச் சுவரும் மறையேற்றம் பெறுவதால், அதனை அடுத்துத் திரண்ட நேரயன்கள் கதோட்டை நோக்கிப் பெயர, திரவம் முழுவதும் அவற்றோடு இழுபட்டு ஓடுகிறது. மாரியில் தொண்டைமானாற்றுத் தடுப்பணைக் கதவுகள் திறந்தபொழுது, கடனீரேரியை நோக்கி எதிர்நீந்தும் சிறுமீன், நீந்திக்கொண்டே கடலை நோக்கித் தள்ளப்படுவதை மதகடியில் நின்றார் காணலாம். புடகமும் அவ்வாறே, அனோட்டுக்கு முகங்கொடுத்தபடி, ஏற்றமில்லாத் துணிக்கைகளுக்குப் பிந்திக் கதோட்டுப் பக்கம் வந்து சேர்கிறது; அப்பிந்துதலின் அளவுகொண்டே அதன் ஏற்றத்தைக் கணிப்பர். ஆதலால் நான் ‘மின்பெயர்ச்சி’ என்றே எழுதுகிறேன். கிரேக்க மூலமும் சுமந்து செல்லுதலைச் சொல்லுமேயன்றிக் கவர்தலைச் சொல்லாது.