வழிவழி வந்த சந்தேகம்

பூட்டிய கதவை ஒரு தரம் இழுத்துப் பார்ப்பது உலக வழக்கம். இருபது தரம் இழுத்துப் பார்ப்பவரை என்ன சொல்வது? "அவர் அப்பாவும் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு நாம் நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். இந்தச் சாதாரண வாக்கியத்தில் ஒரு வியாதியின் குலவரலாறு இருக்கிறதென்பதை வைத்தியர்கள் மெதுவாகத்தான் கண்டுகொண்டார்கள்.

1936-ஆம் ஆண்டில் லண்டனில் ஆபிரி லூயிஸ் என்ற மனநோய் வைத்தியர், நோயாளிகளோடு நில்லாமல் அவர்களைப் பெற்றவர்களையும் ஆராய்ந்தார். 100 பெற்றோரில் 37 பேரிடம் அதே சாயல் தெரிந்தது! நம் தேசத்திலோ இதற்கு ஆசாரம் என்ற போர்வை இருந்தது. வங்காளத்தில் 'சுசிபாய்' என்பார்கள். நம் மடி, விழுப்புக்கு அக்காள் முறை. அது எங்கே ஆசாரம், எங்கே நோய் என்று அஜிதா சக்ரவர்த்தியும் பானர்ஜியும் 1975-இல் எழுதிய பிறகும், பாட்டியின் ஈரப் புடைவையை நாம் பக்தி என்றே நினைத்தோம்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் மேஜையில் நிற்கும் பெண்மணியைச் சந்தித்தேன். ஓட்டையோ எண்ணெய்க் கறையோ அவர் கண்ணுக்குத் தப்பாது. முதலாளிக்கு ஏகத் திருப்தி. வீட்டிலோ கை கழுவியே குடம் குடமாகத் தண்ணீர் தீரும். நல்ல தண்ணீருக்குக் காசு கொடுக்கும் ஊர் அது.

"எங்கம்மாளுக்கும் இதேதானுங்க. என்ற புள்ளைக்கும் வருமாங்க?" என்றார். பெண் பார்க்க வருகிறவர்கள் காதில் விழுந்துவிடக் கூடாதே என்ற பயம் குரலில் இருந்தது.

வரலாம், வராமலும் போகலாம். 1995-இல் அமெரிக்காவில் டேவிட் பால்ஸ் குழுவினர் எண்ணிப் பார்த்தபோது, நோயாளிகளின் நெருங்கிய இரத்த உறவினரில் நூற்றுக்குச் சுமார் 10 பேருக்கு நோய் இருந்தது. மற்றக் குடும்பங்களில் 2 பேர். ஐந்து மடங்குதான், ஆனால் மீதி 90 பேரைப் பெண் பார்க்க வருகிறவர்கள் எண்ணுவதில்லையே!

வந்தாலும் வழியுண்டு. 1966-இல் லண்டனில் விக்டர் மேயர், அழுக்கென்று அஞ்சியதைத் தொடவைத்து, கழுவ விடாமல் செவிலியரைக் காவல் வைத்தார். பயம் தானே தணிந்தது. இன்று மருந்தும் உண்டு. வீட்டாரையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுகிறார்கள்.

அந்த அம்மாளின் கணவர், "சுத்தமாயிடுச்சு, சுத்தமாயிடுச்சு" என்று தினமும் இருபது தரம் சத்தியம் செய்துகொண்டிருந்தவர். கோயமுத்தூர் டாக்டரைப் பார்த்தபின் ஒரு தரம் மட்டும் சொல்கிறாராம். அதுதான் தமக்குக் கஷ்டமான காரியம் என்றார்.