பொத்தானில் இருந்த எண்

இரவு பத்து மணிக்கு மேல்தான் என் மேசை விளக்கு எரியும். வேலை முடிந்து, சாப்பிட்டு, அம்மா நாடகம் பார்த்து முடித்த பிறகு, பழைய மைலோ டின்னிலிருந்து பிரஷ்களை எடுத்து வைப்பேன். மேசையில் ஐஸ்கிரீம் குச்சிகளின் மேல் ஒட்டிய 28 பிளாஸ்டிக் சிப்பாய்கள் நிற்பார்கள். ஒவ்வொருவரும் கட்டை விரல் உயரம்கூட இல்லை. நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சுக் காலாட்படை.

ஒருநாள் அம்மா எட்டிப் பார்த்தார். "என்னப்பா இது, எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு. இதுக்கா ஒரு மாசம்?" என்றார். ஒருவனை விளக்கருகே தூக்கிப் பார்த்து, "இவனுக்குப் பேரு இருக்கா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் இல்லம்மா" என்றேன். அந்தப் பதில் தவறு என்று எனக்குத் தெரிய ஓராண்டு ஆனது.

நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து மாதம் ஒருமுறை விளையாடுவோம். பெரிய மேசையில் பச்சைத் துணி, ஸ்பாஞ்சில் செய்த மரங்கள், பகடை, அளவு நாடா. பழைய போர் ஒன்றை எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் படை நடத்துவோம். ஆனால் விளையாட்டைவிட வண்ணம் தீட்டுவதில்தான் நேரம் போகும். நம் ஊர் ஈரக்காற்று வேறு. மழை நாளில் பிரைமர் ஸ்பிரே அடித்தால் மாவு பூத்த மாதிரி வெளுத்துவிடும். வெயில் நாளுக்குக் காத்திருந்து கறுப்பு பிரைமர் அடிக்க வேண்டும். அதன் மேல் கருநீலக் கோட்டு, வெள்ளை மார்பு மடிப்பு, சிவப்புக் கழுத்துப் பட்டை, குறுக்கே வெள்ளை வார். தொப்பியின் உச்சியில் இருக்கும் சிறிய குஞ்சம் எந்தக் கம்பெனி என்று சொல்லும். முதலாம் ஃபியூசிலியர் கம்பெனிக்குக் கரும்பச்சை, இரண்டாவதுக்கு வான நீலம், மூன்றாவதுக்கு ஆரஞ்சு, நான்காவதுக்கு ஊதா. தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் வேலை செய்கிறவன் நான். இப்படி ஒரு பட்டியல் கையில் கிடைத்தால் போதும், எனக்குத் தூக்கம் வராது.

பட்டியலுக்கும் உண்மைக்கும் உள்ள தூரம் மெல்லத்தான் புரிந்தது. கருநீலத்துக்கு அவுரிச் சாயம் வேண்டும். கடல் பிரிட்டனின் கையில் இருந்தது. வங்காளத்து அவுரி வணிகமும் அவர்களிடமே இருந்தது. பிரான்சில் சாயத்துக்குத் தட்டுப்பாடு. அதனால் 1806இல் காலாட்படைக்கு வெள்ளைக் கோட்டு என்று ஆணை வந்தது. சில ரெஜிமெண்டுகள் வெள்ளைக்கு மாறின, மற்றவை பழைய நீலத்திலேயே இருந்தன. மறு ஆண்டே திட்டம் கைவிடப்பட்டது. போர்க்களத்துக்கு நடந்துபோகும் வழியிலோ நீலமும் இல்லை, வெள்ளையும் இல்லை. கிடைத்த துணியில் தைத்த சாம்பல், பழுப்பு நிற மேலங்கிகள்தான். படங்களில் இருக்கும் சீருடை, அரசு தன் படையை எப்படிப் பார்க்க விரும்பியது என்பதைக் காட்டுகிறது. நான் வரைந்துகொண்டிருந்தது அந்த விருப்பத்தை.

அடுத்தது கணக்கு. 1808ஆம் ஆண்டு ஆணைப்படி ஒரு பிரெஞ்சு பட்டாலியனில் ஆறு கம்பெனிகள், கம்பெனிக்கு 140 பேர், மொத்தம் 840. என் பட்டாலியனில் 28 பொம்மைகள். அப்படியென்றால் ஒரு பொம்மை முப்பது பேர். பகடை விழுந்து, எதிரே இருப்பவன் "மூணு பேர எடுடா" என்று சொன்னால், நான் எடுப்பது தொண்ணூறு பேரை. எடுத்துப் பெட்டியில் படுக்க வைத்துவிட்டு ரொட்டி சானாய் சாப்பிடப் போவோம்.

இதைவிடக் கடுமையான கணக்கு ஒன்றைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே பார்த்திருக்கிறேன். தரவுகளைப் படமாக்குவது பற்றிய வகுப்பில் விரிவுரையாளர் ஒரு வரைபடத்தைத் திரையில் போட்டார். 1869இல் ஷார்ல் ஜோசப் மினார் வரைந்தது. அவர் பாலங்கள், சாலைகள் துறையில் வேலை செய்து ஓய்வுபெற்ற பொறியாளர், அப்போது வயது 88. நெப்போலியன் 1812இல் ரஷ்யாவுக்குள் போன படையை அவர் ஒரு பட்டையாக வரைந்தார். பத்தாயிரம் பேருக்கு ஒரு மில்லிமீட்டர் அகலம். நீமன் ஆற்றைக் கடக்கும்போது 4,22,000 பேர், பட்டை 42 மில்லிமீட்டர். மாஸ்கோவை அடையும்போது ஒரு லட்சம், பத்து மில்லிமீட்டர். திரும்பி அதே ஆற்றைக் கடக்கும்போது பத்தாயிரம், ஒரே ஒரு மில்லிமீட்டர். கீழே குளிரின் அளவு. வகுப்பில் நாங்கள் கேட்டதெல்லாம், இது தேர்வுக்கு வருமா என்பதுதான்.

அந்தப் பட்டை மெலிந்து திரும்பும் வழியில் ஓர் ஊர் இருக்கிறது. வில்னியஸ். இன்று லிதுவேனியாவின் தலைநகர். 1812 டிசம்பரில், பசியும் குளிரும் நோயுமாகப் படை அங்கே வந்து சேர்ந்தது. ரஷ்யர்கள் பின்னாலேயே வந்தார்கள். நடக்க முடிந்தவர்கள் போய்விட்டார்கள். முடியாதவர்கள் ஆயிரக்கணக்கில் அங்கேயே செத்தார்கள்.

2001இல் அந்த நகரில், முன்பு சோவியத் ராணுவ முகாம் இருந்த இடத்தில் கட்டட வேலைக்காகத் தோண்டினார்கள். எலும்புகள் வந்தன. இருபதாம் நூற்றாண்டுப் படுகொலையாக இருக்குமோ என்றுதான் முதலில் சந்தேகம். அந்த ஊரின் வரலாறு அப்படி. பிறகு நாணயங்கள் கிடைத்தன, துணித் துணுக்குகள் கிடைத்தன, பொத்தான்கள் கிடைத்தன. பிரெஞ்சுக் காலாட்படையின் பித்தளைப் பொத்தானில் ரெஜிமெண்டின் எண் அச்சாகியிருக்கும். எண்ணைப் படித்தார்கள். குழிக்குள் இருந்தது நெப்போலியனின் படை.

மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள். பெரும்பாலும் இளம் ஆண்கள். சில பெண்களும் இருந்தார்கள். 2006இல் வந்த ஆய்வு, பேன்களால் பரவும் காய்ச்சல்களின் தடயத்தைக் கண்டது. 2025இல் 13 பேருடைய பற்களை ஆராய்ந்தவர்கள், சிலரிடம் பாராடைபாய்டு கிருமியையும் பேன்வழி பரவும் இன்னொரு காய்ச்சலின் கிருமியையும் கண்டார்கள். குண்டு பட்டுச் செத்தவர்களின் குழி அல்ல அது.

படித்துவிட்டு என் அலமாரியைத் திறந்து எண்ணினேன். மூன்று ஆண்டுகளில் நான்கு பட்டாலியன் முடித்திருக்கிறேன். 112 பொம்மைகள். முப்பதால் பெருக்கினால் 3,360. அந்தக் குழியில் இருந்தவர்கள் ஏறக்குறைய அத்தனை பேரும் என் கண்ணாடி அலமாரியின் இரண்டு தட்டில் அணிவகுத்து நிற்கிறார்கள், காலணி பளபளக்க.

பொத்தான்களை நான் எப்படி வரைகிறேன் என்றும் யோசித்தேன். பல்குத்தும் குச்சியின் நுனியில் பொன்னிற பெயிண்ட் தொட்டு ஒரு புள்ளி, அவ்வளவுதான். இந்த அளவில் ஒரு பொத்தான் அரை மில்லிமீட்டர்கூட வராது. எண் எழுத முடியாது. குஞ்சத்தின் நிறம் சரியா என்று மூன்று நாள் தேடியவன், அந்த மனிதர்களை அடையாளம் காட்டிய ஒரே விஷயத்தைப் புள்ளியாக வைத்துத் தாண்டிப் போயிருக்கிறேன்.

ஆனால் எண் என்பது பெயர் இல்லையே. அம்மாவின் கேள்வி அப்போதுதான் திரும்ப வந்தது.

பெயர்கள் இருக்கின்றன. 1798ஆம் ஆண்டுச் சட்டம் 20 முதல் 25 வயது வரையிலான பிரெஞ்சு ஆண்களைக் கட்டாயப் படைசேர்ப்புப் பட்டியலில் வைத்தது. காசு இருந்தவன் தனக்குப் பதிலாக இன்னொருவனை அனுப்ப முடிந்தது. போனவனை ரெஜிமெண்டின் பதிவேட்டில் எழுதிக்கொண்டார்கள். பெயர், அப்பா அம்மா பெயர், பிறந்த ஊர், உயரம், முகத்தின் வடிவம், கண் நிறம், மூக்கு, வாய், முகவாய். புகைப்படம் இல்லாத காலம், ஓடிப்போனால் பிடிக்க வேண்டுமே! பாரிஸ் அருகே வான்சென் கோட்டையில் இருக்கும் ராணுவ ஆவணக் காப்பகத்தில் அந்தப் பதிவேடுகள் இன்றும் உள்ளன. பல பக்கங்களை இணையத்தில் பார்க்கலாம். மொழி தெரியாமல் அகராதியோடு சில பக்கங்கள் படித்தேன். பெயருக்கு நேரே, வரிசையாக, மூக்குகளும் வாய்களும்.

ஆக ஒரு நாட்டில் எலும்பில்லாத பெயர்கள். இன்னொரு நாட்டில் பெயரில்லாத எலும்புகள். நடுவில் இருப்பது பொத்தான். அது ரெஜிமெண்ட் வரை கூட்டிக்கொண்டு போகும். அந்த ரெஜிமெண்டின் பதிவேட்டைத் திறந்தால் ஆயிரக்கணக்கில் பெயர்கள். அதில் எது இவன் என்று பொத்தானால் சொல்ல முடியாது. அந்தப் படையில் ஏறக்குறைய பாதிப் பேர் பிரெஞ்சுக்காரர்களே இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போலந்துக்காரர்கள், ஜெர்மானியர்கள், இத்தாலியர்கள். 2003இல் எலும்புகளை வில்னியஸின் அந்தகால்னிஸ் கல்லறைத் தோட்டத்தில் மறுபடி புதைத்தார்கள். தனித்தனிப் பெயர் வைக்க வழியில்லை.

இதற்குப் பிறகு நான் விளையாட்டை விட்டுவிடவில்லை. விட்டிருந்தால் இதை எழுதுவது சுலபமாக இருந்திருக்கும். போன மாதமும் விளையாடினோம். "மூணு எடு" என்றபோது, "தொண்ணூறு" என்றேன். "ஆரம்பிச்சுட்டான்டா" என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன், எடுத்துப் பெட்டியில் வைத்தேன்.

மாறியது ஒன்றுதான். முன்பு முகத்தைக் கடைசியில் வரைவேன். எல்லாருக்கும் ஒரே தோல் நிறம், மேலே ஒரு பழுப்புக் கழுவல், முடிந்தது. பெட்டியில் வரும் பிளாஸ்டிக் தலைகளில் ஒரே முகம் நாலைந்து முறை திரும்ப வரும். யார் பார்க்கப் போகிறார்கள்? இப்போது முகத்திலிருந்து தொடங்குகிறேன். பதிவேட்டில் படித்ததை ஒரு தாளில் எழுதி விளக்கருகே ஒட்டியிருக்கிறேன்: நீள்வட்ட முகம், பெரிய மூக்கு, சிறிய வாய். கத்தி நுனியால் கொஞ்சம் சீவி, கொஞ்சம் பசை வைத்து, ஒருவனை இன்னொருவனிடமிருந்து பிரிக்கப் பார்க்கிறேன். ஒரு மாத வேலை இரண்டு மாதம் ஆகிறது.

நேற்று அம்மா வந்து ஐந்தாவது பட்டாலியனைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு ஒருவனை எடுத்தார். "இவன் மூக்கு உங்க பெரிய மாமா மூக்கு மாதிரியே இருக்கு" என்றார். கீழே வைக்கும்போது, மற்றவர்கள் மேல் படாமல் பார்த்து வைத்தார்.