வெந்திருச்சா, இல்லையா?

1981-இல் அமெரிக்காவின் பட்டர்பால் வான்கோழி நிறுவனம் ஒரு தொலைபேசி உதவி எண்ணைத் தொடங்கியது. மனையியல் படித்த ஆறு பெண்கள் பதில் சொல்ல உட்கார்ந்தார்கள். அந்த ஒரு பண்டிகைக் காலத்தில் மட்டும் ஏறக்குறைய 11,000 அழைப்புகள். கல் மாதிரி உறைந்த பறவையை எப்படி இளக்குவது என்பதுதான் இன்றுவரை அதிகம் வரும் கேள்வி. உறைந்த வான்கோழியைச் செயின்சாவால் இரண்டாகப் பிளந்த ஒருவர், அந்த இயந்திரத்தின் எண்ணெய் இறைச்சியைக் கெடுக்குமா என்று கேட்ட கதையை அந்நிறுவனமே சொல்லி வருகிறது.

சிரித்துவிட்டு யோசித்தால் ஒன்று உறுத்தும். பல நூறு வருடமாக மனிதர்கள் முழுப் பறவையைச் சுட்டுத் தின்றிருக்கிறார்கள். அதற்கு ஏன் திடீரென்று ஒரு உதவி எண் தேவைப்பட்டது?

இங்கிலாந்தில் முன்பு ‘ரோஸ்ட்’ என்றால் திறந்த நெருப்புக்கு முன்னால் கம்பியில் கோத்துச் சுற்றுவது. ஓவனுக்குள் வைப்பது ‘பேக்’. அது வேறு வேலை. கம்பியைச் சுற்றுவதற்கென்றே குட்டைக்கால் நாய்களை வளர்த்தார்கள். சுவரில் மாட்டிய சக்கரத்துக்குள் நாய் ஓடும், கம்பி சுழலும். ஆங்கிலேய நாய்களைப் பற்றி 1576-இல் வந்த நூலிலேயே இந்த நாய்க்கு இடம் உண்டு. பாடம் செய்யப்பட்ட ஒன்று வேல்ஸின் அபர்கவென்னி அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. அதன் பெயர் விஸ்கி. அந்தச் சமையலறையில் யாருக்கும் சந்தேகம் வர வழியில்லை. கொழுப்பு சொட்டுவது கேட்கும், தோல் சிவப்பது தெரியும், பக்கத்தில் அனுபவசாலி ஒருவர் நிற்பார்.

ஏழை வீடுகளில் இந்த வசதியும் இல்லை. சார்லஸ் டிக்கன்ஸ் 1843-இல் எழுதிய ‘எ கிறிஸ்மஸ் கேரல்’ கதையில் க்ராட்சிட் குடும்பத்தின் வாத்து வேகுவது ரொட்டிக் கடைக்காரரின் அடுப்பில். வேகவைக்கும் பொறுப்பே அவருடையது.

பிறகு இரும்பு அடுப்பு வீட்டுக்குள் வந்தது, நெருப்புக்குக் கதவு போட்டாச்சு. பறவை உள்ளே, சமைப்பவர் வெளியே. செய்வது ‘பேக்’, பெயர் மட்டும் ‘ரோஸ்ட்’ என்றே நின்றுவிட்டது. பார்த்தும் கேட்டும் அறிந்ததை இனி ஊகிக்க வேண்டும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் ஒவ்வொரு கருவியாக வந்தது. 1923-இல் பிரிட்டனில் ‘ரெகுலோ’ என்ற வெப்பச் சீராக்கி எரிவாயு அடுப்பில் பொருத்தப்பட்டது. அதிலிருந்து வந்ததுதான் அந்த ஊர் சமையல் குறிப்புகளில் வரும் ‘கேஸ் மார்க் 4’ போன்ற எண்கள். அடுத்து வான்கோழியின் மார்பில் குத்திவைத்த, வெந்ததும் தானே துள்ளி எழும் பிளாஸ்டிக் குச்சி. உள்ளே மென்மையான உலோகக் கலவை ஒன்று சூட்டில் உருகி ஸ்பிரிங்கை விடுவிக்கும். கூரையில் இருக்கும் தீயணைப்புத் தெளிப்பான்களின் அதே தத்துவம்தான்.

ஆனால் குச்சி அறிவது தான் குத்தியிருக்கும் இடத்தின் சூட்டை மட்டுமே. சிக்கலின் வேர் பறவையின் உடம்பிலேயே இருக்கிறது. மார்புச் சதை சீக்கிரம் வெந்து, கொஞ்சம் விட்டாலும் உலர்ந்துபோகும். தொடையில் இணைப்புத் திசு அதிகம், அது இளக இன்னும் சூடு வேண்டும். நம் வீட்டில் துண்டு போட்ட கோழிக்கு இந்தத் தொல்லை கிடையாது. குழம்பிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் பிய்த்துப் பார்த்தால் போதும். முழுப் பறவையில் ஒரே ஓவன் ஒரே நேரத்தில் இரண்டு சமையல் செய்ய வேண்டியிருக்கிறது. அமெரிக்க விவசாயத் துறையே மார்புக்கு ஒரு எண், முழுப் பறவைக்கு 82 டிகிரி செல்சியஸ் என்று நெடுநாள் சொல்லிவிட்டு, 2006-இல்தான் எல்லாவற்றுக்கும் குறைந்தபட்சம் 74 என்று மாற்றியது. அரசாங்கத்துக்கே இத்தனை காலம் ஆனது!

இதற்கு மேல் தொழிற்சாலை வேறு. முன்பு கோழியை வீட்டில் அறுத்தார்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று கைக்குத் தெரியும். உறைந்த வான்கோழியில் கழுத்தையும் ஈரலையும் யாரோ பையில் கட்டி வயிற்றுக்குள் திரும்ப வைக்கிறார்கள். பையோடு வேகவைப்பது அங்கே தலைமுறை தலைமுறையாகத் தொடரும் நகைச்சுவை. 9 கிலோ பறவை ஃபிரிட்ஜில் இளக நாலைந்து நாளாகும் என்பதும் பலருக்குப் பண்டிகைக்கு முந்தின ராத்திரிதான் தெரியவருகிறது. பாதி வெந்ததைப் பரிமாறினால் நகைச்சுவை முடிந்து சால்மொனெல்லா தொடங்கும்.

ஆக, அந்த 11,000 பேரும் மக்குகள் இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை, குடும்பமே காத்திருக்க, கதவு மூடிய பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று சொல்ல பக்கத்தில் ஆளில்லாமல் நின்றவர்கள். முன்பு பாட்டியோ பக்கத்து வீட்டு அக்காவோ சொன்னதை நிறுவனம் போனில் சொன்னது.

ஜூலியா சைல்டின் தொலைக்காட்சி நிகழ்ச்சி 1963-இல் தொடங்கியது. அதில் அவர் கோழியைத் தரையில் போட்டார் என்று அமெரிக்காவில் இன்னும் பலர் சத்தியம் செய்வார்கள், சிலருக்கு அது வான்கோழி. உண்மையில் அவர் திருப்பும்போது சிதறியது உருளைக்கிழங்கு அப்பம், விழுந்தது அடுப்பு மேல். அதை அள்ளி மறுபடி சட்டியில் போட்டுவிட்டு, சமையலறையில் தனியாக இருக்கையில் யார் பார்க்கப்போகிறார்கள் என்கிற தோரணையில் நகர்ந்தார். நினைவு மட்டும் அதை முழுப் பறவையாக்கித் தரையில் போட்டுவிட்டது. தங்களைப் பயமுறுத்திய அந்தப் பறவை ஜூலியாவையும் ஒருநாள் தோற்கடித்திருக்க வேண்டும் என்று எத்தனை பேர் ஆசைப்பட்டிருப்பார்கள்!