சுட்டிணைப்பு: பெயரா, பொருளா?

போன வருடம் படிவம் 5 பயிற்சித் தாள்களை ஒரே கோப்புறையில் திரட்டி, லினக்ஸ் கணினியில் ‘டார்’ கட்டளையால் மூட்டை கட்டி, பழைய தோட்டப்புறம் ஒன்றில் பணியாற்றும் தோழிக்கு அனுப்பினேன். தேர்வுக்கு மூன்றே நாள். “பெயரெல்லாம் இருக்கு டீச்சர், ஒன்னுமே திறக்கலையே” என்றார். நான் வைத்திருந்தவை தாள்கள் அல்ல, சுட்டிணைப்புகள்! வேறு கோப்புறையில் இருந்த அசல் என் கணினியிலேயே தங்கிவிட்டது.

யூனிக்ஸில் முதலில் இருந்தது வன்னிணைப்பு மட்டும்தான். ஒரே ஆளுக்கு வீட்டுப் பெயர் ஒன்று, பிறப்புப் பத்திரத்தில் ஒன்று என்பதுபோல. ஒரு பெயரை அழித்தாலும் ஆள் இருப்பார். ஆனால் அது வேறு வட்டுப் பகுதிக்குத் தாண்டாது. 1960களின் மல்டிக்ஸில் முன்பே இருந்த யோசனையை, 1983இல் பெர்க்லியின் 4.2பிஎஸ்டி யூனிக்ஸுக்குள் கொண்டுவந்தது. சுட்டிணைப்பு என்பது முகவரி மட்டும் எழுதிய சிறு கோப்பு. லயத்து முகவரிக்குக் கடிதம் போடுகிறோம்; குடும்பமோ ஈப்போவுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. கடிதத்துக்கு அது எப்படித் தெரியும்?

அன்றே சிக்கலும் பிறந்தது. கட்டளை செயல்பட வேண்டியது பெயரின் மீதா, பொருளின் மீதா? ‘கேட்’ பொருளைத் திறக்கும். ‘ஆர்எம்’ பெயரை மட்டும் அழிக்கும். கையேடுகள் இதை “பின்தொடரும்”, “பின்தொடராது” என்ற இரண்டே சொல்லில் முடித்துவிடுகின்றன. எதைப் பின்தொடரும்? இங்கேதான் நாம் தடுக்கி விழுகிறோம். கட்டளையில் நாமே எழுதித் தரும் இணைப்பு வேறு. கோப்புறைக்குள் நடந்து போகையில் எதிர்ப்படும் இணைப்பு வேறு. 1990களில் பெர்க்லிக்காரர்கள் இந்த வேறுபாட்டை விளக்கவே தனியாக ஒரு மேன் பக்கம் எழுதினார்கள்.

கோப்புறையோடு நகலெடுக்கும்போது ‘சிபி’க்கு மூன்று பெரிய எழுத்துகள் உண்டு. ஹெச் என்றால் நாம் எழுதித் தந்ததை மட்டும் பின்தொடரும். எல் என்றால் எல்லாவற்றையும். பி என்றால் எதையும் இல்லை. மூன்றும் தராவிட்டால்? 2008ஆம் ஆண்டு போசிக்ஸ் தரமே அதை நிர்ணயிக்காமல் விட்டுவிட்டது. தரம் எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது! குனு ‘சிபி’ பின்தொடராது.

குனு ‘டார்’ சும்மா விட்டால் முகவரியைத்தான் கட்டும். சிறிய ஹெச் சேர்த்தால் அசலைக் கட்டும். அந்த ஒரு எழுத்தைச் சேர்த்து அன்றிரவே மீண்டும் அனுப்பினேன். மறுநாள் தாள்கள் மாணவர் கையில். இப்போதெல்லாம் அனுப்புமுன் ‘எல்எஸ்’ஸுடன் சிறிய எல் சேர்த்துப் பார்த்துவிடுகிறேன். பெயருக்குப் பக்கத்தில் அம்புக்குறி இருந்தால் அது வெறும் முகவரிதான்.