சாத்தனூர் கல்மரம்

சாத்தனூர் கல்மரம், பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டத்திலுள்ள சாத்தனூரின் ஓடைப் பகுதியில் கிடக்கும், கல்லாக மாறிய அடிமரம். நீளம் 18 மீட்டருக்கு மேல். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இதைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்து, வேலியிட்ட பூங்காவாகக் காத்துவருகிறது.

பெரம்பலூருக்கும் அண்டை மாவட்டமான அரியலூருக்கும் இன்று கடற்கரை கிடையாது. கிரெட்டேசியக் காலத்தில் நிலைமை வேறு. கோண்டுவானாப் பெருநிலம் பிளந்து இந்தியா விலகியபின், கிழக்கேயிருந்து ஏறிவந்த கடல் சாத்தனூரையும் கடந்து மேற்கே பல கிலோமீட்டர் பரவியது. அதன் கரையை ஒட்டி வளர்ந்த மரங்களை ஆற்று வெள்ளம் அடித்துவந்து ஆழமற்ற கடலில் சேர்த்தது. சிப்பி, நத்தைகளோடு மணலுக்குள் அவை புதைந்தன. காற்று படாததால் மட்கவில்லை. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா மெல்ல மெல்ல மரத்தின் உயிரணுக்களுக்குள் ஊறிப் படிந்து, மரத்தின் உருவைக் கெடுக்காமல் அதைக் கல்லாக்கியது.

இது ஊசியிலை வகையைச் சேர்ந்த, பூக்காத மரம். கடலோர மரம் என்றதும் நினைவுக்கு வரும் அலையாத்திகளோ பூக்கும் தாவரங்கள்; ஆகவே சாத்தனூரில் பிச்சாவரம் போன்ற அலையாத்திக் காட்டைத் தேடக் கூடாது. ஆனாலும் இரண்டுக்கும் ஒரு தொடர்பைச் சொல்லலாம். அரியலூர் மாவட்டத்தின் வடக்கிலும் தெற்கிலும் எல்லையாக ஓடும் வெள்ளாறும் கொள்ளிடமும் கடலில் சேரும் முகத்துவாரங்களுக்கு இடையில்தான் பிச்சாவரம் அலையாத்திக் காடு இருக்கிறது. கடல் கிழக்கே பின்வாங்கியது. கரையோரக் காடும் அங்கே வேறு மரங்களோடு அமைந்தது.

இவ்வட்டாரப் பாறைகளை ஆராய்ந்த எச். எஃப். பிளான்ஃபோர்டு 1862-இல் வெளியான தம் அறிக்கையில் அவற்றை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். அங்கே கிடைத்த தொல்லுயிர்ப் படிவங்களைத் தொல்லுயிரியலாளர் ஸ்டோலிச்கா விரிவாக விவரித்தார். இத்தனை ஆய்வுக்குப் பின், 1940-இல்தான் எம். எஸ். கிருஷ்ணன் சாத்தனூர் மரத்தை அறிவுலகுக்குத் தெரியப்படுத்தினார். புவியியல் ஆய்வுத் துறையின் முதல் இந்திய இயக்குநராக 1951-இல் பொறுப்பேற்றவர் இவரே.

மரத்தின் வயது 12 கோடி ஆண்டு என்பதே பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. மரம் கிடக்கும் திருச்சிராப்பள்ளித் தொகுதிப் பாறைகளுக்கு இன்றைய ஆய்வுகள் தரும் வயதோ ஏறத்தாழ 9 கோடி ஆண்டுதான். பின்னதே ஏற்கத்தக்கது.

வருவோரில் பலர் மரத்தருகே நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். மரத்தின் கதையில் பாதி அதைச் சூழ்ந்த பாறைகளில் இருக்கிறது. காரை, கொளக்காநத்தம் பக்கத்து ஓடைப் பள்ளங்களில் நத்தை போன்ற ஓடுடைய அம்மோனைட்டுகளின் படிவங்கள் கிடைத்திருக்கின்றன. கருடமங்கலத்துச் சிப்பிச் சுண்ணாம்புக்கல் ‘திருச்சிராப்பள்ளிப் பளிங்கு’ என்ற பெயரில் அலங்காரக் கல்லாகப் பயன்பட்டது. அரியலூரின் சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் தருவதும் அந்தப் பழங்கடலே. வாரணவாசியில் அரசு அமைத்த புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. முதலில் அதைப் பார்த்துவிட்டுச் சாத்தனூர் போவது நல்லது. படிவங்களை நினைவுப்பொருளாகப் பொறுக்கிச் செல்வது பெரும் கேடு. எந்த அடுக்கில் கிடந்தது என்பது தெரியாமல் போனால் ஆய்வாளருக்கு அந்தக் கல்லால் பயனில்லை.

வரகூர், சாரதாமங்கலம் உள்ளிட்ட ஊர்களின் ஓடைகளிலும் சில மீட்டர் நீளமுள்ள கல்மரத் துண்டுகள் உண்டு.